படிக்க மறுக்கும் பிள்ளையும் படித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஆசிரியரும்

நான் கணக்குப் பாடம் எடுக்கும் ஒன்பதாம் வகுப்பில், கல்வியாண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு நெடுவகுத்தல் வரவில்லை. பின்னங்களைக் கூட்டத் தெரியாதவர்கள் அதைவிட அதிகம். பாடநூலோ கணமொழியில் தொடங்கி, மெய்யெண்களுக்கும் இயற்கணிதத்துக்கும் விரைந்து போகிறது. இந்த இடைவெளியில் அகப்பட்ட பிள்ளைகளில் ஒருவர் கரும்பலகையில் உள்ளதை முத்து முத்தான கையெழுத்தில் அப்படியே எழுதிக்கொள்வார். இன்னொருவர் கடைசி வரிசையில் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். வேறொருவர் எதையாவது பேசி வகுப்பைச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பார். மூவரையும் சேர்த்து, "படிப்பில் நாட்டம் இல்லாதவர்கள்" என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்கிறோம்.

புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரமங்கலத்தைச் சுற்றியுள்ள பூ விளையும் ஊர்களில் ஒன்றில் இருக்கிறது எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளி. பட்டதாரி ஆசிரியராக நான் சேர்ந்து இது இரண்டாம் கல்வியாண்டு. அனுபவம் குறைவுதான் என்றாலும், சில நம்பிக்கைகள் எனக்குள் உறுதிப்பட்டிருக்கின்றன. படிக்க மறுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர், தெரியாதவராக நாலு பேர் முன்னால் நிற்பதற்கு அஞ்சியே ஒதுங்குகிறார்கள் என்பது ஒன்று. பெரியவர்களும் தெரியாமல் நின்று, கேட்டு, தடுமாறிக் கற்றுக்கொள்வதைக் கண்ணால் பார்க்கும்போதுதான் அந்த அச்சம் குறைகிறது என்பது மற்றொன்று. வாழ்நாள் முழுவதும் கற்க வேண்டும் என்று இறைவணக்கக் கூட்டத்தில் சொல்லிவிடலாம். ஆனால் தங்கள் ஆசிரியர் இந்த ஆண்டு புதிதாக என்ன கற்றுக்கொண்டார் என்று பிள்ளைகளைக் கேட்டால், அவர்களிடம் ஒரு விடை இருக்க வேண்டும்.

முதலில், இந்தப் பிள்ளைகள் எந்த இடத்தில் விடுபட்டார்கள் என்பதைக் காலக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். 2025-26இல் ஒன்பதாம் வகுப்பில் இருப்பவர்கள், 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடப்பட்டபோது மூன்றாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில் இருந்தவர்கள். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளி மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1ஆம் நாள். அதாவது நான்காம் வகுப்பு முழுவதையும், ஐந்தாம் வகுப்பின் முதற்பாதியையும் இவர்கள் வகுப்பறைக்கு வெளியே கழித்திருக்கிறார்கள். வகுத்தலும் பின்னமும் காலூன்ற வேண்டிய பருவம் அது. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் மாலைகளில் ஓரளவு ஈடுகட்டினார்கள். நல்ல தன்னார்வலர் வாய்த்த தெருப் பிள்ளைகளை இன்றைக்கும் என்னால் அடையாளம் காண முடிகிறது. மற்றவர்கள், எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி நிறுத்தம் இல்லாததால், அந்த ஓட்டையோடே மேலே வந்துவிட்டார்கள். (தேர்ச்சி நிறுத்தம் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பில் நிறுத்தி வைக்கப்படும் பிள்ளை மறுபடி பள்ளிக்கு வராமலே போய்விடும் என்பதே எங்கள் பக்கத்து நிலைமை.) இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, "இது கூடத் தெரியாதா?" என்ற கேள்வி என் நாவில் எழுவதில்லை. தெரிந்துகொள்ள வாய்ப்பே கிடைக்காத ஒன்றை அவர்களிடம் குறையாகச் சொல்வதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

அடுத்தபடியாக, தேர்வுத்தாளை நம்பாமல், ஒவ்வொருவரையும் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கணக்கைச் செய்யச் சொல்லி, "எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேட்டேன். இந்தச் சிறு வேலைதான் எனக்கு மிகுதியாகக் கற்றுக்கொடுத்தது. 304இலிருந்து 128ஐக் கழிக்கச் சொன்னபோது ஒரு மாணவன் 224 என்று எழுதினான். கவனக்குறைவு என்று தாளில் சிவப்பு மையால் அடித்துவிடக்கூடிய விடைதான் அது. ஆனால் அவன் சொல்லக் கேட்டால் அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது: நான்கிலிருந்து எட்டு போகாது, ஆகவே எட்டிலிருந்து நான்கைக் கழித்தேன், பூச்சியத்திலிருந்து இரண்டு போகாது, ஆகவே இரண்டு, மூன்றிலிருந்து ஒன்று போனால் இரண்டு. எந்த இலக்கம் பெரிதோ அதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்று அவனாகவே ஒரு விதியை வகுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்காக அதை மாறாமல் கடைப்பிடித்திருக்கிறான். 0.35, 0.4 இரண்டில் எது பெரிது என்று கேட்டால் 0.35 என்று சொல்லும் பிள்ளைகளும் அப்படியே. முப்பத்தைந்து நான்கைவிடப் பெரிது அல்லவா? அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்பவர்களும் மேலே உள்ளதை மேலே உள்ளதோடும், கீழே உள்ளதைக் கீழே உள்ளதோடும் ஒழுங்காகத்தான் கூட்டியிருக்கிறார்கள்.

தவற்றுக்குப் பின்னால் இப்படி ஒரு விதி இருப்பது புலப்பட்ட பிறகு, "தப்பு" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, அந்த விதியையே சோதிக்கச் சொல்கிறேன். "உன் முறைப்படி 224 வருகிறது. அதோடு 128ஐக் கூட்டிப் பார், 304 வருகிறதா?" என்று கேட்டால், 352 வருவதைக் கண்டு அவனே நிமிர்ந்து உட்கார்கிறான். அவனுடைய முறையை உடைத்ததும் அவனே, சரியான முறையைத் தேடத் தொடங்கியதும் அவனே. ஆண்டுத் தொடக்கத்தில் முதல் இரண்டு வாரப் பாடவேளைகளில் பெரும்பகுதியை இதற்காகவே ஒதுக்கினேன். மற்றப் பிள்ளைகளுக்கு அந்நேரத்தில் இருவர் இருவராகச் செய்யும் பயிற்சி கொடுத்துவிடலாம். பாடம் பின்தங்கிவிடும் என்ற கவலை எனக்கும் இருந்தது. அரையாண்டுக்குள் அந்த நேரம் திரும்பக் கிடைத்துவிட்டது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அடிப்படைத் திறன் குறைந்தவர்களுக்காக 2025-26இல் திறன் இயக்கம் தொடங்கப்பட்டது பெரிய உதவி. அதன் பயிற்சி ஏடுகளை நான் பயன்படுத்துகிறேன். ஆனால் எந்த ஏடும், அந்தப் பிள்ளை தலைக்குள் எப்படி யோசிக்கிறது என்பதை நமக்காகக் கேட்டுச் சொல்லாது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

வகுப்பில் கேள்வி கேட்ட பிறகு காத்திருப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை என்பதையும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள், விடைகளும் நீளமாகின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் எழுதினார். பி.எட். படிப்பில் இதைத் தேர்வுக்காக எழுதியிருக்கிறேன். வகுப்பில் நின்று பார்க்கும்போதுதான் மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று தெரிகிறது. முன்வரிசையில் எழும் கைகளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிய பிறகே ஒருவரை அழைக்கிறேன். முதல் கேள்வி எல்லோருக்கும் விடை தெரிந்த கேள்வியாக இருக்கும்படியும் பார்த்துக்கொள்கிறேன். பாடவேளையின் முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒருமுறை வாய் திறந்த பிள்ளை, அந்த வேளை முடிவதற்குள் இன்னொரு முறை பேசிவிடுகிறது. முதலில் பேசாத பிள்ளை கடைசிவரை பேசுவதில்லை.

பூ எடுக்கும் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பள்ளியில் "தூங்குமூஞ்சி" என்று பெயர் வாங்கியவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். மல்லிகை மொட்டு விரிவதற்குள் பறித்து மண்டிக்குப் போக வேண்டும். விடியும் முன்பே குடும்பத்தோடு தோட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள். முகூர்த்த நாள்களில் பள்ளிக்கே வருவதில்லை. ஒரு மாணவன் காலை முதல் பாடவேளையில் கண் சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பான். நோட்டைத் திறப்பதே அரிது. ஒருநாள் மண்டிச் சிட்டை ஒன்று அவன் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது. கேட்டு வாங்கிப் பார்த்தேன். எடை, கிலோ விலை, மொத்தம், கமிஷன் கழிவு, கையில் கொடுத்த தொகை என்று ஐந்து வரி. அதைப் பார்க்காமலே எல்லாவற்றையும் அவனால் சொல்ல முடிந்தது.

மறுநாள் சதவீதத்தை மண்டியிலிருந்து தொடங்கினேன். கிலோ ஐந்நூறு ரூபாய் விற்கிற மல்லிகை, முகூர்த்தத்துக்காக நூற்றுக்கு இருபது ஏறுகிறது. முகூர்த்தம் முடிந்ததும் நூற்றுக்கு இருபது இறங்குகிறது. இப்போது விலை என்ன? நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் உடனே "ஐந்நூறு" என்றார்கள். நான் எதுவும் சொல்லாமல் காத்திருந்தேன். பின்னாலிருந்து அவன் குரல் வந்தது: "நானூத்தி எம்பது டீச்சர். ஏறுனப்ப ஐந்நூத்துக்குக் கணக்கு, எறங்குனப்ப அறநூத்துக்குக் கணக்கு. கிலோவுக்கு இருவது ரூவா அடிபடும்." வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவனைக் கரும்பலகைக்கு வரச் சொல்லவில்லை. அது அவனுக்கு அன்றைக்குப் பெரிய தண்டனையாக இருந்திருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவன் சொல்ல, நான் எழுதினேன்.

அங்கிருந்து பாடம் தானாகவே நடந்தது. முதலில் இறங்கி, பிறகு ஏறினால் என்ன ஆகும் என்று ஒரு மாணவி கேட்டாள். ஐந்நூறு நானூறாகி, நானூறு மீண்டும் நானூற்று எண்பதாகிறது, அதே விடை. எப்படி முறை மாறியும் விடை மாறவில்லை என்ற கேள்வி எழுந்தது. 1.2ஐ 0.8ஆல் பெருக்கினாலும் 0.8ஐ 1.2ஆல் பெருக்கினாலும் 0.96தான் என்பதை அவர்களே கண்டார்கள். இருபதுக்குப் பதில் பத்து, முப்பது என்று போட்டுப் பார்த்து அட்டவணை எழுதினார்கள். நூற்றுக்கு ஒன்று, நான்கு, ஒன்பது என்று இழப்பு வந்தது. வர்க்க எண்கள் என்று யாரோ கத்தினார்கள். 1.2 என்பது 1+0.2, 0.8 என்பது 1-0.2, இரண்டையும் பெருக்கினால் 1-0.04. ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் வரும் முற்றொருமையை, (a+b)(a-b) என்பது a²-b² என்பதை, அன்றைக்கு நான் எழுதிப் போட்டபோது அது மனப்பாடம் செய்ய வேண்டிய வரியாக யாருக்கும் தெரியவில்லை. இந்த ஒரு பாடத்தால் அந்த மாணவன் முதல் மதிப்பெண் வாங்கத் தொடங்கிவிடவில்லை. ஆனால் மண்டியில் தனக்குத் தெரிந்ததும் கணக்குதான் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. காலாண்டுத் தேர்வில் சதவீதக் கணக்குகளை மட்டும் எழுதி, மற்றவற்றை வெறுமனே விட்டிருந்தான். அரையாண்டில் வெற்றிடங்கள் குறைந்திருந்தன.

அவனிடம் நான் செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது: முகூர்த்த நாள்களில் வராமல் போனால் திட்டமாட்டேன், ஆனால் மறுநாள் மதிய உணவுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் என்னோடு உட்கார வேண்டும். முதல் பாடவேளையில் கண் சொருகினால் முகம் கழுவிவிட்டு வரலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை. வீட்டில் வேலை செய்யும் பிள்ளையை "ஏன் தூங்குகிறாய்" என்று எழுப்பி நிறுத்துவது, அந்தக் குடும்பத்தின் உழைப்பையே அவமதிப்பதாக எனக்குப் படுகிறது.

இனி, ஆசிரியர் கற்பதைப் பிள்ளைகள் பார்ப்பது பற்றி. பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது, வகுப்பில் ஒரு சொல்லும் பேசாத மாணவி ஒருத்தி, நோட்டில் மிகச் சிறிய எழுத்தில், "எங்க தாத்தா மாகாணி, காணி என்று கணக்குச் சொல்வார்" என்று எழுதியிருந்தாள். (என் வகுப்பில் நோட்டின் கடைசிப் பக்கம், என்னிடம் நேரில் சொல்லக் கூச்சப்படுவதை எழுதுவதற்கான பக்கம். அதில் எழுதியதை நான் யாரிடமும் காட்டுவதில்லை; கட்டாயம் பதில் எழுதுவேன்.) கால், அரை, முக்கால் எனக்குத் தெரியும். அரைக்கால் எட்டில் ஒன்று என்பதும் தெரியும். மா, காணி, முந்திரி ஆகிய பழைய தமிழ்ப் பின்னங்களைப் பெயரளவில் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, அவற்றை வைத்துக் கணக்குப் போட எனக்கு வராது. அதை அப்படியே அவளுக்கு எழுதி, "தாத்தாவிடம் கேட்டு எனக்குச் சொல்லித்தர முடியுமா?" என்று கேட்டேன்.

அவளுடைய தாத்தா பல்லாண்டுகள் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். 1957இல் பத்தின்முறை நாணயம் வந்தபோது பள்ளிச் சிறுவன். அதற்கு முன்பு ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால், ஓரணா என்றால் ரூபாயில் மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று, இரண்டணா அரைக்கால், நாலணா கால் என்று கடைவீதியிலேயே பின்னம் பழகியவர். மா, காணி முதலியவற்றைத் தம் தந்தை வாய்ப்பாடாகச் சொல்லக் கேட்டு வளர்ந்திருக்கிறார். மா என்பது இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. பேத்தி வழியாக அவர் அனுப்பிய முதல் கேள்வி: "மாவும் காணியும் சேந்தா எம்புட்டு?"

நான் அந்தக் கேள்வியை வகுப்பில் வாய்விட்டுப் படித்துவிட்டு, "எனக்கும் இது புதிது, உங்களோடு சேர்ந்துதான் போட்டுப் பார்க்கப்போகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையில் இருபதில் ஒன்று கூட்டல் எண்பதில் ஒன்று என்று எழுதினேன். மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டுகிறவர்கள் நூறில் இரண்டு என்றார்கள். அந்தப் பேசாத மாணவி மெல்லச் சொன்னாள்: "ஒரு மாவுக்கு நாலு காணி டீச்சர்." அவ்வளவுதான். நான்கு காணியும் ஒரு காணியும் ஐந்து காணி, எண்பதில் ஐந்து, பதினாறில் ஒன்று. அதாவது மாகாணி, பழைய ஓரணா. பொதுப் பகுதி எடுக்க வேண்டும் என்று நான் பல முறை சொல்லியும் பிடிபடாத பிள்ளைகளுக்கு, எல்லாவற்றையும் காணியாக மாற்றிக்கொண்டால் கூட்டிவிடலாம் என்பது சட்டென்று பிடிபட்டது. வேறுவேறு அளவில் இருப்பவற்றை ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் கூட்ட முடியாது என்பதைத்தான் பொதுப் பகுதி என்கிறோம் என்று இப்போது அவர்களே விளக்குகிறார்கள்.

அடுத்து வந்த நாள்களில் என் நோட்டை எல்லோரும் பார்க்கும்படி மேசையில் திறந்து வைத்து, தாத்தாவின் கணக்குகளைப் போட்டேன். சில உடனே வந்தன. சிலவற்றுக்கு முந்திரிக்கும் காணிக்கும் இடையே நான் திணற, பிள்ளைகள் முந்திக்கொண்டார்கள். திருத்தம் கேட்டு நோட்டைத் தாத்தாவுக்கு அனுப்பினேன். அவர் பென்சிலால் சரி போட்டு அனுப்பினார். கொண்டு போவதும் கொண்டு வருவதும் அந்த மாணவியின் பொறுப்பு. தாத்தாவின் விளக்கத்தை வகுப்புக்குச் சொல்ல வேண்டியவளும் அவளே. பேசாதிருந்த பிள்ளையைப் பேச வைக்க இதைவிட இயல்பான வழி எனக்குத் தெரியவில்லை: வகுப்பில் வேறு யாரிடமும் இல்லாத, ஆசிரியரிடமும் இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. ஒரு பிள்ளைக்கு ஊக்கம் கொடுப்பது என்று நாம் சொல்வதெல்லாம், அந்தப் பிள்ளையிடமிருந்து நமக்கு உண்மையாகவே வேண்டியது ஒன்றைக் கேட்டு வாங்குவதில் தொடங்கினால் நன்று.

பள்ளிக்குள்ளேயே இன்னொருவரும் எனக்குத் துணையாகக் கிடைத்தார். எங்கள் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளராக இருக்கும் அம்மா, இளம் வயதில் அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்பில் எழுத்துக் கற்றவர். 1990களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், அந்த இயக்கம் கல்குவாரிப் பெண்கள் வரை போய்ச் சேர்ந்தது. எழுத்தோடு சேர்த்துச் சைக்கிள் ஓட்டவும் ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். இவரும் அவர்களில் ஒருவர். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை பிள்ளைக்கு 150 கிராம் அரிசி. காலையில் வருகைப் பதிவு வந்தவுடன் தாளும் பேனாவும் இல்லாமல் எடையைச் சொல்லிவிடுவார். ஒன்பதாம் வகுப்புக்கு வந்து அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். "எனக்கென்ன டீச்சர் தெரியும், நாலு எழுத்து படிச்சவ" என்று தயங்கினார். பிறகு வந்தார். "பத்துப் பிள்ளைக்கு ஒண்ணரைக் கிலோ. இன்னிக்கு நூத்தி நாப்பது பேருன்னா, பதினாலு ஒண்ணரை. பதினாலு, அதோட அதுல பாதி ஏழு, இருவத்தொண்ணு" என்றார். பெருக்கலைப் பிரித்துச் செய்யும் விதியை நான் கரும்பலகையில் எழுதுமுன் அவர் வாயால் கேட்டார்கள் பிள்ளைகள்.

கணக்கைவிடப் பிள்ளைகள் அதிகம் கேட்டது அவர் கற்ற கதையைத்தான். கல் உடைத்துவிட்டு வந்து, உள்ளங்கைக் கொப்புளத்தோடு பென்சில் பிடித்ததையும், கையெழுத்துப் போட்ட அன்று கைநாட்டு மைப்பெட்டியைத் தள்ளி வைத்ததையும், இப்போது பேரனிடம் அலைபேசியில் பணம் அனுப்பக் கற்றுவருவதையும் சொன்னார். "தப்பா அனுப்பிட்டா என்ன செய்வீங்க?" என்று ஒருவன் கேட்டான். "மொத ரெண்டு தடவ ஒத்த ரூவா அனுப்பிப் பாத்தேன்" என்றார். சிறிய தவற்றைச் செய்து பார்த்துக் கற்பது பற்றி நான் எவ்வளவு நீளமாகப் பேசியிருந்தாலும் இதற்கு ஈடாகாது. பணி ஓய்வுக்கு அருகில் இருக்கும் எங்கள் அறிவியல் ஆசிரியர், தொடுதிரைப் பலகையை இயக்க ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகக் கேட்டுக் கற்றுக்கொண்டதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். அவர் வகுப்பில் கேள்வி கேட்கப் பிள்ளைகள் தயங்குவதில்லை என்பதற்கு அது ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பரிசு கொடுத்துப் படிக்க வைப்பது பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 1973இல் உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வில், வண்ணப் பேனாவால் படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய மழலையருக்குச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்கள். பின்னர் விருப்பம்போல் விளையாட விட்டபோது, அந்தப் பிள்ளைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. எனவே, பேனா தருகிறேன், சாக்லேட் தருகிறேன் என்று முன்கூட்டிப் பேரம் பேசுவதில்லை. அதற்குப் பதிலாக, ஏழு கணக்கு கொடுத்து எவையேனும் நான்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தால் வீட்டுப்பாடம் வந்து சேர்கிறது. பாராட்டும்போது "கெட்டிக்காரன்" என்று சொல்லாமல், "நீ கூட்டிச் சரிபார்த்தாய் அல்லவா, அதனால்தான் தவறு அகப்பட்டது" என்று செய்ததைச் சொல்கிறேன்.

சிறு தேர்வுகள் விஷயத்தில் என் கருத்து வேறு. தேர்வு என்றாலே பிள்ளைகளுக்குக் கெடுதல் என்று நான் நினைக்கவில்லை. மதிப்பெண்ணும் தரவரிசையும்தான் கெடுதல். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வு, திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்ததைக் காட்டியது. ஒவ்வொரு நாளும் மூன்று கேள்வி கேட்கிறேன்: நேற்றைய பாடத்தில் ஒன்று, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. அவரவர் தாளை அவரவரே திருத்திக்கொள்ள வேண்டும். மதிப்பெண்ணை யாரும் கேட்கமாட்டோம். மெல்லக் கற்கும் மாணவர் என்று பட்டியலிட்டுத் தனியே உட்கார வைத்துக் குறைந்தபட்சக் கையேட்டை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. 35 மதிப்பெண் அதில் கிடைக்கக்கூடும். ஆனால், தனக்கு இவ்வளவுதான் வரும் என்று பதினான்கு வயதில் ஒரு பிள்ளை முடிவுகட்டிக்கொண்டால், அது பிறகு எதையும் கற்க முன்வராது.

பெற்றோரிடம் பேசுவதிலும் ஒரு வழக்கத்தை வைத்திருக்கிறேன். முதல் அழைப்பு நல்ல செய்திக்காக இருக்க வேண்டும். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே "என்ன செஞ்சான் டீச்சர்?" என்று பதறும் தாய்மாரிடம், "இன்றைக்கு உங்கள் மகன் ஒரு நல்ல கேள்வி கேட்டான்" என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ஒரு நாள் வருகை குறைகிறது என்று சொல்ல நேரும்போது, அவர்கள் நம் பக்கம் நின்று கேட்பார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் இப்படி வழிக்கு வந்துவிட்டார்கள் என்று நான் சொன்னால் அது பொய். ஒரு மாணவன் அரையாண்டுக்குப் பிறகு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அப்பாவுக்கு உடல்நலம் இல்லை, கடன் இருக்கிறது, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்கு மாமாவோடு அனுப்பிவிட்டோம் என்றார் அவன் அம்மா. சட்டம் என்ன சொல்கிறது என்று அந்த வீட்டு வாசலில் நின்று நான் சொல்லலாம், சொன்னேன். தலைமையாசிரியரும் பள்ளி மேலாண்மைக் குழுவும் பேசிப் பார்த்தார்கள். வகுப்பறைக்குள் நான் செய்யும் எதுவும் எட்டாத காரணங்கள் அவை. ஆர்வமின்மை என்று நாம் எழுதிவைப்பதில் ஒரு பகுதி வறுமை. இதை ஆசிரியர்கள் தெளிவாகப் பிரித்து எழுத வேண்டும், இல்லையென்றால் உதவி தவறான இடத்துக்குப் போய்ச் சேரும்.

ஆனால் பள்ளியை விட்டதோடு படிப்பு முடிந்தது என்று அவனும் நினைக்கக் கூடாது, நானும் நினைக்கவில்லை. எட்டாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்று அவனிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, உரிய வயது வந்ததும், தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். முதல்முறை எழுதுபவர்கள் அறிவியல் செய்முறைப் பயிற்சி வகுப்புக்கு முன்னதாகவே பதிவு செய்திருக்க வேண்டும் என்பதுதான் பலர் கோட்டை விடும் இடம். எட்டாம் வகுப்புத் தகுதியிலேயே ஐ.டி.ஐ.யில் வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகளும் உண்டு. இவற்றை ஒரு தாளில் எழுதி அவன் அம்மாவிடம் கொடுத்தேன். அவனிடமும் தொலைபேசியில் சொன்னேன். ஞாயிறு மாலைகளில் அவ்வப்போது பேசுகிறான். பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கணக்கில் ஒரு சந்தேகம் என்று போன வாரம் கேட்டான். அகலத்தையும் நீளத்தையும் வைத்துச் சேதாரத்தைச் சதவீதமாகச் சொல்ல வேண்டுமாம். இருவருமாகப் போட்டோம். தனித்தேர்வர் பதிவுக்கான அறிவிப்பு வரும்போது அவனுக்குத் தெரிவிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். கணக்குப் புத்தகத்தை அவன் மாமா அடுத்த முறை ஊருக்கு வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.